யோசனை சொன்னவர் களத்தில் இறங்கினார்

*பிறருக்கு ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்த டோமோகோ நம்பா 36 வயதில் சொந்த நிறுவனம் தொடங்கினார். செல்போன் விளையாட்டுகள் முதல் பேஸ்பால் அணி வரை வளர்ந்த அந்தச் சாம்ராஜ்யம், வெற்றியைப் போலவே பொறுப்புக்கும் விலை கேட்டது.*

1999-ஆம் ஆண்டின் பிற்பகுதி. டோக்கியோவில் ஓர் இணைய ஏல நிறுவனம் கடை திறக்க இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. முதலீட்டாளர்களுக்குத் தேதி சொல்லியாகிவிட்டது. ஏலத்தை நடத்தும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதும் வேலை வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எல்லாம் தயாராகி வருவதாகத்தான் தகவல். நேரில் போய்ப் பார்த்தபோது தெரிந்தது: ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

இது போட்டியாளர்கள் கிளப்பிய வதந்தி அல்ல. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டோமோகோ நம்பாவே 2013-ல் வெளியான தன் புத்தகத்தில் சொல்லியிருக்கும் உண்மை. புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பை 'அலங்கோலமான நிர்வாகம்' என்று தமிழில் சொல்லலாம். வெற்றி பெற்ற தொழிலதிபர்கள் எழுதும் சுயபுராணங்களில் தலைப்பே இப்படி இருப்பது அபூர்வம். தோல்விகளை அடுக்கி வைத்த பிறகுதான் சாதனைகளைப் பற்றிப் பேசுகிறார் நம்பா.

சாதனைகளும் சாமான்யமானவை அல்ல. அவர் தொடங்கிய டி.என்.ஏ. நிறுவனம் 2013 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 20,000 கோடி யென்னுக்கும் அதிகமான வருவாய் ஈட்டியது. ஜப்பானின் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றில் அணி உரிமையாளராகப் பொறுப்பேற்ற முதல் பெண் அவர். பெருந்தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான கெய்டான்ரென், 1946-ல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து 2021 வரை ஒரு பெண்ணைக்கூடத் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்ததில்லை. அந்த வழக்கம் முறிந்ததும் நம்பாவால்தான்.

அப்பாவின் ஊர், மகளின் பாதை

நம்பா பிறந்தது 1962-ல், ஜப்பான் கடலோரத்தில் இருக்கும் நிகாட்டா நகரில். பனிக்கும் அரிசிக்கும் பெயர் போன பகுதி அது. வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். அவர் நிழலிலிருந்து விலகி டோக்கியோ போக வேண்டும் என்ற ஆசைக்கு மகள் தேர்ந்தெடுத்த வழி படிப்பு. டோக்கியோவின் ட்சுடா மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க இடம் கிடைத்தது.

அந்தக் கல்லூரிக்கே ஒரு தனி வரலாறு உண்டு. 1871-ல் ஜப்பானிய அரசு மேல்நாட்டுக்கு அனுப்பிய தூதுக்குழுவோடு ஐந்து சிறுமிகளும் படிப்புக்காக அமெரிக்கா போனார்கள். அவர்களில் மிகச் சிறியவளுக்கு வயது ஆறு. பெயர் உமேகோ ட்சுடா. நாடு திரும்பியபோது தாய்மொழியே அவருக்கு மறந்து போயிருந்தது. பின்னர் மீண்டும் அமெரிக்கா சென்று பென்சில்வேனியாவின் பிரின் மார் கல்லூரியில் படித்தார். 1900-ல் அவர் டோக்கியோவில் தொடங்கிய பெண்கள் பள்ளிதான் ட்சுடா கல்லூரியாக வளர்ந்தது. 2024 ஜூலையில் வெளியான புதிய 5,000 யென் நோட்டில் இருப்பது அவர் முகம்தான்.

கல்லூரியின் பரிமாற்றத் திட்டத்தில் நம்பாவும் அதே பிரின் மார் கல்லூரிக்கு ஓராண்டு போய் வந்தார். திரும்பி வந்து 1986-ல் பட்டம் பெற்றபோது ஜப்பானில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதிலும் பதவி உயர்விலும் ஆண், பெண் இருவரையும் சமமாக நடத்துமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்ட சம வேலைவாய்ப்புச் சட்டம் அது. 1985-ல் நிறைவேறி, 1986 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

சட்டம் வந்தது. ஆனால் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. பெரிய நிறுவனங்கள் வேலையை இரண்டு தடங்களாகப் பிரித்தன. ஒன்று நிர்வாகத்தை நோக்கிப் போகும் தடம். இன்னொன்று கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் தடம். இரண்டாவதில்தான் பெரும்பாலான பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். விருந்தினருக்குத் தேநீர் கொண்டு வந்து வைப்பதும் அவர்கள் வேலை. கல்யாணம் வரை உத்தியோகம், பிறகு வீடு என்பதே எழுதப்படாத விதி. படித்த பெண்கள் பலர் இதிலிருந்து தப்பிக்க அந்நிய நிறுவனங்களை நாடினார்கள். நம்பா சேர்ந்ததும் அப்படி ஒன்றில்தான்: அமெரிக்க நிர்வாக ஆலோசனை நிறுவனமான மெக்கின்சியின் டோக்கியோ கிளை.

கோட்டு சூட்டுப் போட்ட யோசனை

வேலை கடுமையாக இருந்தது. இரவு பகல் பாராத உழைப்பு. இரண்டு ஆண்டுகளில் நம்பாவுக்குப் போதும் என்றாகிவிட்டது. தப்பிக்க ஒரு வழியாகத்தான் ஹார்வர்டு வணிகப் பள்ளிக்குப் போனார். 1990-ல் எம்.பி.ஏ. பட்டத்தோடு திரும்பியபோது காத்திருந்தது அதே மெக்கின்சி, அதே வேலை. மீண்டும் விலகிவிடலாமா என்ற யோசனை. ஆனால் ஒரு பணி வெற்றிகரமாக முடிந்தபோது வேலையில் பிடிப்பு வந்தது. 1996-ல் நிறுவனத்தின் பங்குதாரராக உயர்ந்தார். ஜப்பானியப் பெண்களில் அந்த இடத்தை எட்டியவர்களை அன்று ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

அந்த நாற்காலியில் அவர் நிம்மதியாக ஓய்வு பெறும் வரை இருந்திருக்கலாம். அதைக் கலைத்தது ஒரு விற்பனையாளரின் உற்சாகம். விற்பனையாளர் வேறு யாருமல்ல, அவரேதான். அமெரிக்காவில் ஈபே நிறுவனம் இணைய ஏலத்தில் சக்கைப்போடு போட்ட சமயம். சோனி குழுமத்தின் இணையச் சேவை நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த நம்பா, ஜப்பானிலும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று அதன் தலைவரிடம் வற்புறுத்திப் பேசினார். அவ்வளவு ஆர்வம் இருந்தால் நீங்களே செய்யலாமே என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி நம்பாவை விடவில்லை.

1999 மார்ச்சில் நிறுவனம் பதிவாயிற்று. மரபணுவைக் குறிக்கும் டி.என்.ஏ. என்ற எழுத்துகளுக்கு நடுவே, மின்வணிகத்தைக் குறிக்கும் 'இ' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தைச் செருகி அதற்குப் பெயர் வைத்தார்கள். எழுத்தில்தான் வித்தியாசம், சொல்லும்போது டி.என்.ஏ. தான். மெக்கின்சியில் உடன் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள் கூட வந்தார்கள். சோனியின் இணைய நிறுவனமும் ரிக்ரூட் நிறுவனமும் பணம் போட்டன.

மூவரும் நிர்வாக ஆலோசகர்கள். சந்தையை அலசத் தெரியும், வரைபடம் போடத் தெரியும், பிறர் செய்யும் தவறுகளைச் சுட்டிக்காட்டத் தெரியும். மூவரில் ஒருவருக்கும் புரோகிராம் எழுதத் தெரியாது. எழுதப்படாத அந்த 'ஒரு வரி'க்குப் பின்னால் இருந்த கதை இதுதான். வேலையைக் கொடுத்தவர்களுக்கு, வேலை நடக்கிறதா என்று பார்க்கும் கண் இல்லை. பெரிய கம்பெனிகளுக்கே புத்தி சொன்னவர்கள் தங்கள் கம்பெனியில் கோட்டை விட்டார்கள்.

பிறகு நடந்தது மாரத்தான் ஓட்டம். புதிய ஆட்களைத் திரட்டி, இரவு பகலாக எழுதி, 1999 நவம்பர் 29 அன்று 'பிட்டர்ஸ்' என்ற பெயரில் ஏலத்தளம் திறக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் ஆரக்கிள் நிறுவனத்தின் ஜப்பான் கிளையிலிருந்து வந்து சேர்ந்த பொறியாளர்தான் இசாவ் மோரியாசு. பின்னாளில் நம்பாவுக்குப் பிறகு நிறுவனத்தின் தலைமைப் பதவிக்கு வரப்போகிறவர்.

இரண்டாம் இடத்தின் பாடம்

கடை திறந்தாலும் காலம் கடந்திருந்தது. யாஹூ ஜப்பான் இரண்டு மாதம் முந்தி, செப்டம்பர் 28 அன்றே தன் ஏலத்தைத் தொடங்கிவிட்டது. அதுவும் இலவசமாக.

ஏலத் தொழிலில் முந்தியவனுக்கே பலம். வாங்குபவர் கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விற்பவர் வருவார். விற்பவர் எங்கே அதிகமோ அங்கேதான் வாங்குபவர் போவார். ஊர்ச் சந்தையில் கூட்டம் கூடும் இடத்திலேயே மேலும் கூட்டம் கூடுவது மாதிரி. இந்தத் தொழிலின் முன்னோடியான ஈபேயே 2000-ல் ஜப்பானுக்கு வந்து, யாஹூவை அசைக்க முடியாமல் 2002-ல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

நம்பா மூட்டை கட்டவில்லை. நஷ்டம் தொடர்ந்தது. தனிநபர் ஏலத்தில் யாஹூவை முந்த முடியாது என்பது தெளிவானதும், கடைக்காரர்கள் பொருள் விற்கும் தளமாக பிட்டர்ஸைத் திருப்பினார். அது மூச்சு விட இடம் கொடுத்தது. ஆனால் நிறுவனத்துக்குச் சிறகு முளைத்தது வேறிடத்தில்: ஜப்பானியர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருந்த சின்னஞ்சிறு கருவியில்.

ஐ-போன் வர இன்னும் பல வருடங்கள் இருந்தன. ஆனால் ஜப்பானில் 1999 பிப்ரவரியிலேயே டொகோமோ நிறுவனம் ஐ-மோடு சேவையைத் தொடங்கி செல்போனில் இணையத்தைக் கொண்டு வந்துவிட்டது. 2000-ல் கேமரா வைத்த செல்போனும் கடைக்கு வந்தது. பழைய கைப்பையை விற்க நினைக்கும் பெண், அதைப் படம் எடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி, பிறகு ஏலத்தில் போட வேண்டிய அவசியம் இல்லை. கையில் இருக்கும் போனே கேமரா, அதுவே கடை. 2004-ல் தொடங்கிய 'மொபாவோக்கு' செல்போன் ஏலம் இந்த எளிய உண்மையின் மேல் எழுந்தது. அதை எழுதியவர் ஷூஹேய் கவாசாகி. மாணவராக இருந்தபோது பகுதி நேர வேலைக்கு வந்த இளைஞர் அவர்.

புரோகிராம் தெரியாமல் கோட்டை விட்ட நிறுவனம், புரோகிராம் எழுதும் ஓர் இளைஞனின் கையில் அடுத்த வாழ்வைக் கண்டது. நம்பாவின் கற்றல் இங்கேதான் முழுமை பெறுகிறது. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் முழுதாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு குறுக்கே நிற்கக் கூடாது. வயதையோ பதவியையோ பார்த்தல்ல, விஷயத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மூப்புக்கு முதல் மரியாதை தரும் ஜப்பானிய அலுவலகங்களில் இது புதுப் பாட்டு.

2005 பிப்ரவரியில் நிறுவனத்தின் பங்குகள் டோக்கியோ பங்குச் சந்தையில் வளரும் நிறுவனங்களுக்கான பிரிவில் விற்பனைக்கு வந்தன. 2007-ல் முதல் பிரிவுக்கு உயர்ந்தது.

விளையாட்டு வினையானபோது

2006 பிப்ரவரியில் வந்தது 'மொபாகே டவுன்'. செல்போனில் இலவச விளையாட்டுகள், நண்பர்களோடு அரட்டை, தன்னைப் போல ஒரு பொம்மை உருவத்துக்கு உடை வாங்கி அழகு பார்க்கும் வசதி. கவாசாகியின் கைவண்ணம்தான் இதுவும். ரயிலில் பள்ளிக்குப் போய் வரும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டது.

கூட்டம் சேர்ந்த இடத்தில் கயவர்களும் சேர்ந்தார்கள். சிறுவர் சிறுமியரை அணுக இந்தத் தளத்தைச் சிலர் பயன்படுத்தினர். விமர்சனங்கள் எழுந்தன. செய்திகளைக் கண்காணிக்க நிறுவனம் ஆட்களை அமர்த்தியது. நம்பாவின் சொந்த ஊரான நிகாட்டாவிலும் இதற்கென ஒரு மையம் திறக்கப்பட்டது.

2009 அக்டோபரில் வெளியான 'கைட்டோ ரொயால்' என்ற கள்வர் விளையாட்டு பணத்தைக் கொட்டியது. விளையாட இலவசம், விரைவாக முன்னேற வேண்டுமானால் காசு. லாபம் பெருக, நிறுவனத்தின் பார்வை கடல் கடந்தது. 2010-ல் அமெரிக்காவின் என்ஜிமோகோ நிறுவனத்தை அதிகபட்சம் 40 கோடி டாலர் விலைக்கு வாங்குவதாக அறிவித்தது.

ஆனால் வளர்ச்சியின் வேகத்தில் கோடுகள் அழிந்தன. போட்டி நிறுவனமான கிரீக்கு விளையாட்டுகளைத் தரக் கூடாது என்று தயாரிப்பாளர்களுக்கு நெருக்கடி கொடுத்ததற்காக 2011 ஜூனில் ஜப்பானின் வணிகப் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் டி.என்.ஏ.வுக்குத் தடை உத்தரவு போட்டது. அடுத்த அடி 2012 மே மாதம் விழுந்தது. அது தொழில் முழுவதற்கும் விழுந்த அடி.

ஜப்பானியக் கடை வாசல்களில் காசு போட்டுத் திருகினால் ஒரு பொம்மை உருண்டு விழும் இயந்திரங்கள் உண்டு. எந்தப் பொம்மை என்பது அதிர்ஷ்டம். 'காச்சா' என்று பெயர். இதையே செல்போன் விளையாட்டுகளில் புகுத்தினார்கள். பிறகு ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட சில அட்டைகள் அத்தனையும் கிடைத்தால்தான் அரிய பரிசு என்று விதி வைத்தார்கள். கடைசி அட்டைக்காகப் பிள்ளைகள் பணத்தைக் கரைத்தார்கள். பெற்றோருக்குப் பில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்த முறை சட்ட விரோதம் என்று நுகர்வோர் விவகார அமைப்பு அறிவித்தது. டி.என்.ஏ. உள்பட எல்லா நிறுவனங்களும் அதைக் கைவிட்டன.

சில ஆண்டுகளில் ஸ்மார்ட்போன்கள் வந்து பழைய மடக்கு போன்களை ஓரங்கட்டின. மொபாகேயின் செல்வாக்கும் கூடவே சரிந்தது. பெரும் விலை கொடுத்து வாங்கிய அமெரிக்கக் கிளை 2016-ல் மூடப்பட்டது.

பதவியா, கணவரா?

இந்தப் புயல்களில் சில வீசியபோது நம்பா தலைமை நாற்காலியில் இல்லை. 2011-ல் கணவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த ஆண்டு ஜூனில், நிறுவனம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதே, தலைமைப் பொறுப்பை மோரியாசுவிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். இயக்குநராக மட்டும் நீடித்தார்.

பெண் அதிகாரி ஒருவர் குடும்பத்துக்காகப் பதவி விலகினால் 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்று சொல்ல ஜப்பானில் ஆள் நிறைய உண்டு. நம்பா அதைப் பொருட்படுத்தவில்லை. காரணத்தை மறைக்கவும் இல்லை. கணவருக்குச் சமைத்தார்; மருந்துகளைப் பற்றிப் படித்தார்; நோயைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் தேடினார். தேடியதில் எது மெய், எது பொய் என்று பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதைத் தெரிந்துகொண்டார். கணவரின் உடல்நிலை சற்றுத் தேறிய பின் 2013-ல் பணிக்குத் திரும்பினார்.

அந்த அனுபவமே மூன்று ஆண்டுகளில் அவர் முன் வந்து நின்று கணக்குக் கேட்டது.

2014-ல் டி.என்.ஏ. புதிய துறையில் இறங்கியது. அழகு, வீடு, பயணம் என்று ஒவ்வொரு விஷயத்துக்கும் இணையத்தில் ஆங்காங்கே கிடைக்கும் தகவல்களைத் திரட்டித் தரும் தளங்கள். அவற்றில் ஒன்று 'வெல்க்'. உடல்நலத்துக்கானது. குறைந்த கூலிக்கு வெளியாட்களை வைத்துக் கட்டுரைகள் எழுதப்பட்டன. மருத்துவர்கள் சரிபார்க்கவில்லை. இணையத்தில் தேடுவோர் கண்ணில் முதலில் பட வேண்டும் என்பதே குறி. தோள்பட்டை வலிக்கு ஆவி காரணமாக இருக்கலாம் என்றுகூட ஒரு கட்டுரை சொன்னது. பிறர் எழுதியதைத் திருடி ஒட்டிய கட்டுரைகளும் இருந்தன.

விஷயம் வெடித்தது. 2016 நவம்பர் 29 அன்று வெல்க் மூடப்பட்டது. பிட்டர்ஸ் கடை திறந்து அன்றோடு சரியாகப் பதினேழு ஆண்டுகள். அதைத் தொடர்ந்து பத்துத் தளங்களும் மூடப்பட்டன. டிசம்பர் 7 அன்று மோரியாசுவோடு நம்பாவும் பத்திரிகையாளர்கள் முன் தோன்றித் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார். கணவருக்கு நோய் வந்தபோது இணையத்தில் தேடிப் படித்த அனுபவத்தை அங்கே சொன்னார். மருத்துவத் தகவல்களில் எவ்வளவு நம்பகத்தன்மை இல்லை என்பதை அனுபவித்து அறிந்தவரின் நிறுவனமே அதைச் செய்திருந்தது. அவர் கணவர் காலமானதும் அதே டிசம்பர் மாதத்தில்தான்.

2017 மார்ச்சில் வெளியாட்கள் அடங்கிய விசாரணைக் குழு அறிக்கை தந்தது. மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகளை ஆராய்ந்த குழு, பதிப்புரிமையை மீறியிருக்கக்கூடியவை அவற்றில் கணிசமாக இருப்பதாகச் சொன்னது. வளர்ச்சி இலக்கைத் துரத்திய வேகத்தில் சரிபார்க்க ஆளில்லாமல் போனதையும் எடுத்துக்காட்டியது. நம்பா ஒதுங்கிப் போகவில்லை. நிறுவனத்துக்காகக் கையெழுத்திடும் பொறுப்புள்ள தலைவராக மீண்டும் முன்வரிசைக்கு வந்தார்.

1999-ல் நடந்ததற்கும் 2016-ல் நடந்ததற்கும் அடிப்படையில் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டு முறையும் வேலை வெளியே போனது. உள்ளே பார்க்கும் கண் இல்லை. முதல் முறை நஷ்டம் நிறுவனத்தோடு நின்றது. இரண்டாம் முறை, நோயோடு தவித்துக்கொண்டு விடை தேடிய முகம் தெரியாத வாசகர்கள் அந்த நஷ்டத்தைச் சுமந்தார்கள்.

கடைசி அணியின் உரிமையாளர்

கசப்பான அத்தியாயங்களுக்கு இடையே இனிப்பு தந்தது பேஸ்பால். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, ஜப்பானியருக்கு பேஸ்பால் அப்படி. பன்னிரண்டு தொழில்முறை அணிகள். 2011 டிசம்பரில் டி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்திடமிருந்து டி.என்.ஏ. வாங்கிய யோகோஹாமா பேஸ்டார்ஸ் அணி, அப்போது நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து தன் லீகில் கடைசி இடத்தில் இருந்தது. செல்போன் விளையாட்டு விற்கும் நிறுவனம் பேஸ்பாலுக்கு வருவதை எல்லோரும் விரும்பவில்லை. ராகுடென் நிறுவனத்தின் அணி எதிர்த்து வாக்களித்தது. புதிய நிர்வாகத்தின் முதல் ஆண்டிலும் அணிக்குக் கடைசி இடம்தான்.

தோற்றாலும் ரசிகர்கள் வர வேண்டும் என்று திட்டமிட்டார்கள். அலுவலகம் முடிந்து நண்பர்களோடு வந்து பொழுதுபோக்கும் இடமாக மைதானத்தை மாற்றினார்கள். 2015 ஜனவரியில் நம்பா அணி உரிமையாளர் பொறுப்பை ஏற்றார். 2016-ல் மைதானத்தை நடத்தும் நிறுவனத்தையும் டி.என்.ஏ. வாங்கியது. 2011-ல் சொந்த மைதான ஆட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர். 2019-ல் அந்த எண்ணிக்கை 22 லட்சத்தைத் தாண்டியது.

2024-ல் லீகில் மூன்றாவதாக வந்த அணி, அடுத்தடுத்த சுற்றுகளில் பலம் வாய்ந்த அணிகளைச் சாய்த்து, நவம்பர் 3 அன்று ஜப்பான் தொடரை வென்றது. 26 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த கோப்பை. மைதானத்தில் வீரர்கள் பயிற்சியாளரைத் தூக்கிப் போட்டுக் கொண்டாடினார்கள். பிறகு 62 வயது உரிமையாளரையும் வானில் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள்.

மூலத் தொழிலிலும் புது வாய்ப்புகள் வந்தன. 2015 மார்ச்சில் நின்டெண்டோ நிறுவனம் டி.என்.ஏ.வோடு கூட்டுச் சேர்ந்து பங்குகளையும் பரிமாறிக்கொண்டது. 2024 அக்டோபரில் வெளியான போகிமான் அட்டை விளையாட்டைச் செல்போனுக்கு உருவாக்கியதிலும் டி.என்.ஏ.வுக்குப் பங்கு உண்டு.

அடுத்தவர்களுக்கு வழி

கெய்டான்ரென் துணைத் தலைவரான நம்பா அங்கே அலங்காரப் பதுமையாக இருக்கவில்லை. 2022 மார்ச்சில் அந்த அமைப்பு வெளியிட்ட புதுத்தொழில் திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் அவர் முக்கியமானவர். ஐந்தே ஆண்டுகளில் நாட்டின் புதுத்தொழில் நிறுவனங்களின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக, ஒரு லட்சமாக உயர்த்த வேண்டும் என்பது அதன் இலக்கு. அந்த ஆண்டு நவம்பரில் ஜப்பானிய அரசும் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. பெரிய நிறுவனத்தில் சேர்ந்து ஓய்வு பெறும் வரை அங்கேயே இருப்பதுதான் கௌரவம் என்று வளர்ந்த சமூகத்துக்கு, அதே பெரிய நிறுவனங்களின் சங்கமே வெளியே போய்த் தொழில் தொடங்கச் சொன்னது சிறிய மாற்றம் அல்ல.

தன் நிறுவனத்திலும் அவர் இதையே செய்கிறார். 2019-ல் தொடங்கிய முதலீட்டு நிதி, டி.என்.ஏ. ஊழியர்களே வெளியேறித் தனித்தொழில் தொடங்கவும் பணம் தருகிறது. நல்ல ஊழியர்களைக் கட்டிப் போட வேண்டாம், போகட்டும் என்கிறது அந்தக் கொள்கை.

ஆனால் ஒரு நம்பா மேலே போனதால் ஜப்பானியப் பெண்களின் நிலை மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. உலகப் பொருளாதாரப் பேரவையின் 2024 பாலின இடைவெளிப் பட்டியலில் 146 நாடுகளில் ஜப்பானுக்கு 118-ஆம் இடம். 129-ஆம் இடத்தில் இருந்த இந்தியாவுக்குச் சற்று மேலே. நாட்டின் பெரிய நிறுவனங்களின் உயர்மட்டக் கூட்டங்களில் இன்றும் கறுப்பு சூட்டுகளின் வரிசைதான் நீளமாக இருக்கிறது. சட்டம் அமலுக்கு வந்த 1986-ல் வேலைக்குச் சேர்ந்த பெண்களின் தலைமுறைக்கு இப்போது ஓய்வு பெறும் வயது. அந்தத் தலைமுறையிலிருந்து உச்சிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால், நம்பாவின் சாதனை பெரிதாகத் தெரியும். மற்றவர்களுக்கு மறுக்கப்பட்டது அதைவிடப் பெரிதாகத் தெரியும்.

2025 பிப்ரவரியில் நம்பா அடுத்த பந்தயத்தை அறிவித்தார். இனி நிறுவனத்தின் முழு பலமும் செயற்கை நுண்ணறிவின் பக்கம். சுமார் 3,000 ஊழியர்களில் பாதிப் பேரைக் கொண்டே இன்றைய வேலைகள் அனைத்தையும் நடத்துவது. மீதிப் பாதிப் பேரைப் புதிய தொழில்களை உருவாக்க அனுப்புவது. இதுதான் திட்டம். புரோகிராம் எழுதும் வேலையில் பெரும் பகுதியை இனி இயந்திரமே செய்யும்.

ஒரு வரியும் எழுதப்படாமல் கிடந்ததைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்த பெண்மணிக்கு இதில் வசதியும் உண்டு, சோதனையும் உண்டு. லட்சக்கணக்கான வரிகளை இயந்திரம் நொடியில் எழுதித் தள்ளும். அவற்றில் எது சரி, எது தவறு என்று பார்க்க எத்தனை பேரை உட்கார வைக்கப் போகிறார் என்பதில்தான் இந்தப் பந்தயம் ஜெயிக்கிறதா என்பது இருக்கிறது.